நோட்டில் வைத்த கரும்புள்ளி

அமெரிக்க மேதை பெஞ்சமின் பிராங்க்ளின் 1706-ம் ஆண்டு பாஸ்டன் நகரில் பிறந்தார். தகப்பனார் மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவர். பிள்ளைக்குப் பள்ளிப் படிப்பு இரண்டே ஆண்டு. பிறகு அச்சுக்கூட வேலை.

வாலிபத்தில் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. தம் குறைகளை எல்லாம் ஒழித்துவிட வேண்டும்! லேசான ஆசையா அது?

அளவோடு உண்பது, அளந்து பேசுவது, சிக்கனம் என்று 12 நல்ல குணங்களை எழுதினார். அவருக்குக் கர்வம் உண்டு என்று நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்னார். பணிவு 13-வதாகச் சேர்ந்தது.

சிறு நோட்டில் கட்டம் போட்டார். வாரம் ஒரு குணத்தில் தனிக் கவனம். அன்றன்று செய்த தவறுக்கு ஒரு கரும்புள்ளி. 13 வாரம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

நினைத்ததைவிடப் புள்ளிகள் அதிகம்! பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளே ஓட்டையாயிற்று. பிறகு தந்தத் தகட்டில் கட்டம் வரைந்து, பென்சில் புள்ளிகளை ஈரப் பஞ்சால் துடைத்தார்.

நாளடைவில் புள்ளிகள் குறைந்தன. ஒழுங்கு மட்டும் வசப்படவில்லை. ஞாபகசக்தி அதிகம், அதனால் பொருள்களை அதது இடத்தில் வைக்கும் பழக்கமே வரவில்லை. முதுமையில் ஞாபகம் மங்கியது. அப்போதுதான் கஷ்டம் தெரிந்தது. இதையெல்லாம் 1784-ம் ஆண்டு, பிரான்சில் இருந்தபோது, சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதினார்.

வெளிநாட்டுப் பயணங்களால் புள்ளி வைப்பது நின்றுபோயிற்று. ஆனால் போகும் இடமெல்லாம் அந்த நோட்டும் கூடவே போயிற்று.