நுண்ணோக்கி வழியே ஒரு வாழ்க்கை: சர் ரொனால்டு ராஸ்

கடந்த ஐப்பசி மழையின்போது எங்கள் இல்லத்திற்கு ஒரு புதிய கருவி வந்து சேர்ந்தது. கட்டைவிரலைவிடச் சற்றே பருத்த ஓர் உருளை. முனையில் ஒரு வில்லை. வில்லையைச் சுற்றி வளையமாகச் சிறு விளக்குகள். மறுமுனையில் கணிப்பொறியோடு இணைக்கும் கம்பி. டிஜிட்டல் நுண்ணோக்கி என்று அதற்குப் பெயர். கண்ணை வைத்துப் பார்க்கும் குழல் இதில் இல்லை. காணும் பொருள் கணிப்பொறித் திரையிலே விரிகிறது. தமிழ் கற்பிப்பவன் வீட்டில் இதற்கென்ன வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும். விலங்கியல் பயிலும் என் மகளுக்காக வாங்கியது அது. ஆயினும் அவளினும் மிகுதியாக அதனோடு பொழுது போக்கியவன் நானே.

குழாய் நீரைப் பீப்பாயிலும் தொட்டியிலும் சேமித்து வைத்துப் பழகியவர்கள் மதுரை மக்கள். எங்கள் மொட்டை மாடியில் மூட மறந்த பீப்பாய் ஒன்றில் நெளிந்த புழுக்களைக் கண்ணாடித் தட்டில் எடுத்துவைத்து நோக்க முயன்றோம். கருவியைக் கையில் பிடித்தால் திரையில் உருவம் ஓடி மறைந்தது. தாங்கியில் இறுகப் பொருத்திய பின்னரே நின்றது. வில்லையைச் சுற்றிய விளக்குகள் நீர்ப்பரப்பில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தன. அவற்றை அணைத்துவிட்டுத் தட்டின் கீழே மெல்லிய வெள்ளைத்தாளை விரித்து, அதற்கும் கீழிருந்து மேசை விளக்கின் ஒளியைச் செலுத்தியபோதுதான் புழுவின் உடலூடே ஒளி ஊடுருவி, உள்ளே துடிக்கும் குழல்கள் புலனாயின. பெட்டியின்மேல் ஆயிரம் மடங்கு என்று அச்சிட்டிருந்தார்கள். அது வணிகர் கணக்கு. உருவைப் பெரிதாக்குவது வேறு, தெளிவாக்குவது வேறு. பெரிய திரையில் எந்த உருவமும் பெரிதாகத்தான் தோன்றும்.

மூன்று மாலைப் பொழுதுகள் இவ்வாறு கழிந்தன. கழுத்து வலித்தது, கண்ணில் நீர் வடிந்தது, மின்விசிறி சுழன்றால் தட்டிலுள்ளவை பறந்தன, நிறுத்தினால் வியர்வை கொட்டியது. இத்துன்பத்தை மூன்று மாலை அன்று, ஈராண்டுக் காலம் பொறுத்துக்கொண்ட ஒருவரின் வரலாறு அப்பொழுதுதான் எனக்கு உண்மையிலேயே விளங்கிற்று. அவரே கொசுவின் வயிற்றில் மலேரியாவின் கருவைக் கண்ட சர் ரொனால்டு ராஸ்.

மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த மூன்றாம் நாள், 1857 மே 13 அன்று, இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் ஆங்கிலேயப் படையதிகாரி ஒருவரின் தலைமகனாக அவர் பிறந்தார். எட்டு வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். இளமையில் அவர் உள்ளம் கவிதையிலும் ஓவியத்திலும் இசையிலும் தோய்ந்திருந்தது. எழுத்தாளராகவோ ஓவியராகவோ வாழவே விரும்பினார். தந்தையார் இசையவில்லை. 1874இல் இலண்டனிலுள்ள புனித பார்த்தலோமியு மருத்துவமனைக் கல்லூரியில் மகனைச் சேர்த்துவிட்டார். தந்தை சொல்லுக்காகத் தம் விருப்பத்தை விட்டுக்கொடுத்து வேறொரு துறையில் வந்தமரும் மாணவர்களை ஆண்டுதோறும் நம் வகுப்பறைகளில் காண்கிறோம். ராஸும் அத்தகையவரே. பாடத்தில் நாட்டமின்றிப் பயின்றார். ஒரு தேர்வில் தவறினார். கப்பல் மருத்துவராகச் சிறிது காலம் பணியாற்றிவிட்டு மீண்டும் எழுதித் தேறினார். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

தொடக்க ஆண்டுகளில் அவர் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. சென்னை, பெங்களூர், பர்மா, அந்தமான் என ஊர் மாறினார். எஞ்சிய பொழுதில் கவிதையும் புதினமும் எழுதினார். கணிதம் தாமே பயின்றார். ஆயினும் 1883இல் பெங்களூரில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி குறிக்கத்தக்கது. தம் குடியிருப்பில் மட்டும் கொசுக்கள் அளவின்றி மொய்ப்பதைக் கண்ட அவர், சன்னலுக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த நீர்த்தொட்டியில் அவை பெருகுவதை அறிந்து தொட்டியைக் கவிழ்த்தார், கொசுக்கள் குறைந்தன. ஏனைய தொட்டிகளையும் அவ்வாறே செய்யலாம் என்று அவர் கூறியபோது மேலதிகாரி அதனைப் பொருட்படுத்தவில்லை. கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பு அப்போது அவரும் அறியாதது.

மலேரியா என்னும் சொல்லுக்கே கெட்ட காற்று என்பதுதான் பொருள். சதுப்பு நிலத்தின் நச்சாவியே குளிர்காய்ச்சலை உண்டாக்குகிறது என்று மேலைநாட்டார் நெடுங்காலம் நம்பினர். 1880இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படை மருத்துவர் லாவெரான், நோயாளியின் குருதியில் உயிருள்ள நுண்ணுயிர் அசைவதைத் தம் நுண்ணோக்கியில் கண்டார். ராஸ் அதனை நம்பவில்லை, மறுத்தே எழுதினார். தாம் நோக்கிய குருதியில் அது தென்படாததே காரணம். 1894இல் விடுமுறையில் இலண்டன் சென்றிருந்தபோது பேட்ரிக் மான்சன் என்னும் மூத்த மருத்துவர் அவரைத் தம் நுண்ணோக்கியின் முன் அமர்த்தி, பிறை வடிவிலான அவ்வுயிரைக் காட்டினார். அதில் பளபளக்கும் கருந்துகள்களையும் சுட்டினார். குருதியின் செந்நிறப் பொருளைத் தின்று செரித்தபின் அந்நுண்ணுயிர் விட்டுவைக்கும் எச்சமே அத்துகள். அது மலேரியாவுக்கே உரிய முத்திரை. பின்னாளில் ராஸைக் கரைசேர்த்ததும் அம்முத்திரையே. நெடுநாள் நோக்கியும் காணாதிருந்த ஒருவர், எதனைக் காணவேண்டும் என்று மற்றொருவர் காட்டிய அந்நொடியில் கண்டுகொண்டார். ஆசிரியப் பணியில் உள்ள எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது.

கொசு இந்நோயைச் சுமக்கக்கூடும் என்பது மான்சனின் ஊகம். அதனை மெய்ப்பிக்கும் பொறுப்பை ஏற்று 1895இல் ராஸ் இந்தியா திரும்பினார். சிகந்தராபாத்தில் படைப்பிரிவு ஒன்றின் மருத்துவராக அமர்த்தப்பட்டார். அரசு அவரை ஆய்வுக்கு அனுப்பவில்லை, ஆய்வுக்கூடமும் தரவில்லை. மருத்துவமனையின் ஒரு சிற்றறை, தம் சொந்த நுண்ணோக்கி, சில ஊசிகள், கண்ணாடித் தகடுகள் ஆகியவையே அவர்தம் உடைமை. நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்கவைத்து, வளர்த்த கொசுக்களை உள்ளே விட்டுக் கடிக்கச் செய்வார். குருதி குடித்த கொசுக்களைக் குப்பிகளில் பிடித்துச் சில நாள் காத்து, பின்னர் ஒவ்வொன்றாக உப்புநீர்த் துளியில் வைத்து ஊசிமுனையால் பிளந்து, வயிற்றுப் பையைத் தனியே எடுத்து, அதன் சுவரை அணு அணுவாகத் துருவுவார். ஒரு கொசுவுக்கே மணிக்கணக்கில் பொழுது செல்லும்.

தெக்காணத்துக் கோடையில் அவர் பங்காவை இழுக்கவொட்டாமல் நிறுத்தி வைத்தார். காற்றடித்தால் பிளந்த கொசு பறந்துபோகும். கண்ணிமைக்குள்ளும் செவிக்குள்ளும் சிற்றீக்கள் புகுந்து வருத்தின. நெற்றியிலிருந்தும் கைகளிலிருந்தும் வழிந்த வியர்வையால் நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. எஞ்சியிருந்த ஒரே கண்ணருகு வில்லையும் விரிசல் கண்டிருந்தது. அக்கருவியைக் கொண்டுதான் ஈராண்டும் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. சாம்பல் நிறக் கொசுவும் வரிக் கொசுவுமே அங்கு மலிந்திருந்தன. அவற்றில் மனிதரின் மலேரியா வளராது. அவரிடம் குறைந்தது பொறுமையன்று. பிழைபட்டது கொசுவின் இனம்.

இடையில் காலராத் தடுப்புப் பணிக்காகப் பெங்களூருக்கு மாற்றப்பட்டார். 1897 கோடையில் உதகமண்டலத்திற்கு விடுப்பில் சென்று, அடிவாரத்துச் சீகூர்ப் பகுதியில் காய்ச்சலை ஆராயப்போய், தாமே மலேரியாவில் வீழ்ந்தார். சுவரில் வால்புறத்தை உயர்த்தி அமர்ந்திருந்த, புள்ளியிட்ட இறகுடைய ஒரு கொசுவை அங்கு அவர் கண்டார். அனாபிலிஸ் என்னும் அதன் பெயர்கூட அவருக்கு அப்போது தெரியாது. புள்ளியிறகுக் கொசு என்றே குறித்துவைத்தார்.

சிகந்தராபாத்திற்குத் திரும்பிய பின், பணியாளர் ஒருவர் கொணர்ந்த நீர்ப்புழுக்களிலிருந்து அதே புள்ளியிறகுக் கொசுக்கள் சில வெளிவந்தன. 1897 ஆகஸ்ட் 16 அன்று, ஹுசைன் கான் என்னும் நோயாளி கொசுவலைக்குள் படுத்து அவற்றுக்குத் தம் குருதியை அளித்தார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி. நான்காம் நாள், ஆகஸ்ட் 20 அன்று, பெரும்பாலான கொசுக்கள் மடிந்தும் பிளக்கப்பட்டும் தீர்ந்துவிட்ட நிலையில், எஞ்சியவற்றுள் ஒன்றின் வயிற்றுச் சுவரைத் துருவிக்கொண்டிருந்தபோது, ஏனைய அணுக்களுக்கு மாறான வட்டவடிவப் பொருளொன்று தென்பட்டது. அளவு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கே. அதனுள்ளே மான்சன் காட்டிய அதே கருந்துகள்கள்! மறுநாள் மற்றொரு கொசுவைப் பிளந்தார். அதில் அவ்வட்டங்கள் பருத்திருந்தன. ஒரு நாள் இடைவெளியில் அவை வளர்ந்துள்ளன எனில் அவை உயிருள்ளவை என்பது தெளிவாயிற்று. அவ்வுவகையில் அவர் ஒரு கவிதையே இயற்றினார். கல்கத்தாவிலுள்ள நினைவுவாயிலில் அதன் வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன.

ஹுசைன் கானைப் பற்றி மேலும் சொல்லவேண்டும் என்றுதான் இக்கட்டுரையைத் தொடங்கினேன். ஆனால் சொல்வதற்கு வரலாற்றில் ஏதுமில்லை. அவர் எவ்வூரினர், காய்ச்சல் தீர்ந்து மனை திரும்பினாரா, மக்கள் இருந்தனரா என்பவற்றை நான் படித்த நூல் எதுவும் கூறவில்லை. ராஸ் குறிப்பேட்டில் பெயரை எழுதி வைத்ததனால் அப்பெயராவது நமக்குக் கிடைத்தது. எழுதப்படாத பெயர்கள் எத்தனையோ!

நல்ல வேளையாக ஆய்வு வெற்றி பெற்றது என்று மகிழ்வதற்குள் அவரை அரசு இராசபுதனத்திலுள்ள கெர்வாரா என்னும் ஊருக்கு மாற்றியது. மலேரியாவே அரிதான இடம் அது. மான்சன் இலண்டனிலிருந்து முயன்றதன் பயனாக 1898 பிப்ரவரியில் கல்கத்தாவில் ஆய்வுப்பணி கிடைத்தது. அங்கோ பிளேக் தடுப்பூசி அச்சம் நகரைக் கலக்கியிருந்தது. ஊசியுடன் வரும் வெள்ளை மருத்துவரைக் கண்டு நோயாளிகள் விலகினர். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ராஸ் பறவைகளின் பக்கம் திரும்பினார். பறவை மலேரியாவைச் சாம்பல் நிறக் கொசுவே பரப்பும். முஹம்மது பக்ஷ் என்னும் உதவியாளர் கொசுக்களையும் குருவிகளையும் பேணி வளர்த்துத் தந்தார். 1898 ஜூலைத் தொடக்கத்தில் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் நூல்போன்ற நுண்ணுயிர்கள் திரண்டிருப்பதை ராஸ் கண்டார். நோய் நச்சு எவ்வழியே உடலில் புகுகிறது என்பது தெளிவாயிற்று. அக்கொசுக்கள் கடித்த நலமுள்ள குருவிகள் சில நாள்களில் நோயுற்றன. அவ்வாண்டின் இறுதிக்குள் இத்தாலியில் கிராஸி முதலானோர் மனிதரிலும் அனாபிலிஸ் கொசுவே இந்நோயைப் பரப்புகிறது என நிறுவினர்.

இதன்பின் நிகழ்ந்தவை அத்துணை இனிமையானவை அல்ல. முதலில் கண்டவர் யார் என்று கிராஸியோடு பல்லாண்டு பகைத்தார். தம்மைக் கைதூக்கிவிட்ட மான்சனோடும் பின்னாளில் மனம் கசந்தார். 1899இல் இந்தியாவை விட்டு லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்குச் சென்றார். 1902இல் நோபல் பரிசு பெற்றார். 1911இல் சர் பட்டம் வந்தது. இளமையில் தாமே பயின்ற கணிதத்தை மலேரியாவோடு இணைத்து, கொசுவை அறவே ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானே தேய்ந்தொழியும் என்று கணக்கிட்டுக் காட்டினார். நோபல் பரிசுக்கு இணையாக மதிக்கத்தக்க பணி இதுவென்பது என் கருத்து. முதுமையில் பொருள்முடை உற்று, 1928இல் தம் ஆய்வுத் தாள்களை விற்கவும் நேர்ந்தது. 1932 செப்டம்பர் 16 அன்று இலண்டனில் மறைந்தார்.

நம் பெரியவர்களுள் பலர், 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்போது வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்துச் சென்றதை நினைவுகூர்வர். அத்திட்டத்தின் வேர் சிகந்தராபாத்துச் சிற்றறையில் உள்ளது. 1980களில் நம் மதுரையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் ஒன்று நிறுவப்பட்டு, கண்மாய்ப் பாசன நெல்வயல்களில் பெருகி மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கொசுவினங்கள் ஆராயப்பட்டன. அங்கும் பணி கொசுவைப் பிடித்து, இனம் பிரித்து, நுண்ணோக்கியின் கீழ் வைப்பதிலேதான் தொடங்கியது.

எங்கள் பீப்பாய்ப் புழுக்களுக்கு வருவோம். பெரும்பாலானவை நீரின் மேற்பரப்பிலிருந்து தலைகீழாகத் தொங்கின. இரண்டு மட்டும் நீர்ப்பரப்போடு ஒட்டிக் கிடைமட்டமாகக் கிடந்தன. அவ்விரண்டையும் தனிக்குப்பியில் இட்டு, மெல்லிய துணியால் வாய்கட்டி வைத்தாள் மகள். ஒரு வாரத்திற்குள் கொசுவாகி வால் உயர்த்தி அமர்ந்தன. ஒன்றின் இறகை எங்கள் கருவியின்கீழ் வைத்தோம். ராஸ் கண்ட வட்டங்களைக் காணும் ஆற்றல் இச்சிறு கருவிக்கு இல்லை. அதற்கு எண்ணெய்த் துளியில் தோயும் வில்லையுடைய பெரிய நுண்ணோக்கி வேண்டும். ஆனால் அவர் ஈராண்டு காணாது தவித்த அந்தப் புள்ளிகளைக் காண இது போதுமானதாக இருந்தது. இறகின் விளிம்பிலே கருமையும் வெண்மையுமாகச் செதில்கள் திட்டுத்திட்டாக அடுக்கியிருந்தன. படத்தைத் தெருவுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் காட்டினோம். அவர் திரையைக் குனிந்து நோக்கிவிட்டு, அனாபிலிஸ்தான் என்று உறுதி கூறி, மேல்நிலைத் தொட்டியையும் திறக்கச் சொன்னார். அதிலும் புழுக்கள் இருந்தன. அன்று மாலையே பீப்பாயைக் கவிழ்த்துக் கழுவினோம். தொட்டிக்கு மூடி போட்டோம்.