நாமக்கல் கவிஞர் பார்த்த ஊர்வேலை



காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறி, சேந்தமங்கலம் வழியாக நாமக்கல் போய் வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆஞ்சநேயரைக் கும்பிட்டிருப்போம். நாமக்கல் கவிஞரைப் பற்றிப் பரீட்சையில் எழுதி ரெண்டு மார்க்கும் வாங்கியிருப்போம். ஆனா அந்த மனுஷர் வருஷக் கணக்கில் கட்சி வேலை பார்த்தவர் என்பது எனக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

வெ. இராமலிங்கம் பிள்ளை 1888 அக்டோபர் 19-இல் மோகனூரில் பிறந்தார். அப்பா போலீஸ்காரர். பள்ளிப்படிப்பு நாமக்கல், கோவை, கல்லூரி திருச்சியில். நாமக்கல் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை, அப்புறம் ஆரம்பப் பள்ளி வாத்தியார் வேலை என்று எதிலும் ஒட்டவில்லை. கை கொடுத்தது சித்திரம்தான். டில்லி தர்பார் சமயத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வரைந்து தங்கப் பதக்கமே வாங்கினார். அதே மன்னரின் சர்க்கார் 1932-இல் அவரை ஒரு வருஷம் சிறையில் வைத்தது! போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது வேற.

முதலில் திலகர் பக்கம் சாய்ந்திருந்தவர், பிறகு காந்தி வழிக்கு வந்தார். கரூர் வட்டாரக் காங்கிரஸ் தலைவர், நாமக்கல் வட்டாரக் காங்கிரஸ் தலைவர் என்று பொறுப்புகள். பதவி என்று நினைச்சுடாதீங்க. சம்பளமும் இல்லை, காரும் இல்லை. அப்பல்லாம் கிராமத்தில் மைக் ஏது? பேப்பர் வந்தாலும் படிக்க ஆள் வேணுமே. 1931 கணக்கெடுப்புப்படி, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்தியா முழுக்க நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அச்சடிச்ச நோட்டீசால் அங்கே என்ன பிரயோஜனம்? ஒரு தடவை கேட்டால் வாயில் ஒட்டிக்கிற பாட்டுத்தான் ஊர் விட்டு ஊர் போகும். அவருடைய பாட்டு ஏன் அவ்வளவு எளிமையாக இருக்கிறது என்று கேட்கிற பண்டிதர்களுக்கு இதுதான் பதில் என்பது என் அபிப்பிராயம்.

1930-ஐ எடுத்துக்குங்க. தண்டி யாத்திரையை உலகமே பார்த்தது. அந்த வருஷத்து மனிதர் என்று காந்தியை அமெரிக்க டைம் பத்திரிகை அட்டையில் போட்டது. அதே ஏப்ரலில், 13-ஆம் தேதி, ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். 150 மைல், 15 நாள். தொண்டர்களுக்குச் சோறு போடக்கூடாது, தங்க இடம் தரக்கூடாது என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்களோ சோற்றைப் பொட்டலம் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டார்கள். இதெல்லாம் எந்த வெளிநாட்டுப் பத்திரிகைக்குத் தெரியும்? அந்தத் தொண்டர்கள் வழிநெடுகப் பாடிக்கொண்டு போன பாட்டு நம்ம கவிஞர் எழுதியது. வழியில் இருந்த ஊர்களுக்குச் சேதி சொன்னது அந்தப் பாட்டுத்தான்.

பிறகு வந்த பெருமைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். 1949-இல் சென்னை மாகாண அரசவைக் கவிஞர், மேல்சபை உறுப்பினர், 1971-இல் பத்மபூஷண். அவர் எழுதிய மலைக்கள்ளன் 1954-இல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாகி, ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. கொல்லிமலை அடிவாரத்துக்காரர்களான நமக்கு அந்தப் பேரைக் கேட்டாலே ஒரு சொந்தம் வந்துடும்! 1972 ஆகஸ்ட் 24-இல் மறைந்தார். சென்னைத் தலைமைச் செயலகத்துப் பத்து மாடிக் கட்டடத்துக்கு அவர் பேர்தான்.

எனக்கு உள்ள குறை ஒண்ணே ஒண்ணு. அவரோடு அந்த வட்டாரத்தில் வேலை பார்த்தவங்க, கூட்டத்துக்குத் தமுக்கு அடிச்சவங்க, ராத்திரி சோறு போட்ட வீட்டுக்காரம்மாக்கள் பேர் எந்தக் கட்டடத்திலும் இல்லை. அவர் என் கதை என்று தன் வரலாற்றை எழுதி வைத்ததால்தான் இவ்வளவாவது நமக்குக் கிடைச்சிருக்கு. தம்பி தங்கைகளே, உங்க ஊர்ப் பழைய வீடுகளில் தொண்ணூறு தாண்டின பெரியவங்க யாராச்சும் இருந்தா, தாத்தா, அப்பத்தா சொல்லக் கேட்டது என்னன்னு ஒரு நோட்டில் எழுதி வாங்கிடுங்க. அடுத்த மலருக்கு அதையே அனுப்புங்க.