கால்டுவெல் ஐயர் செவிமடுத்த தமிழ்

தென்சென்னைப் புறத்தே கோவிலம்பாக்கத்தை அடுத்துக் கீழ்க்கட்டளை என்றோர் ஊர் உளது. அப்பெயரிலுள்ள ழகரத்தைச் செவ்வனே ஒலிப்போர் சிலரே. சென்னைப் பக்கத்தார் பலர் நாவில் கோழி ‘கோயி’யாகும், நெல்லைச் சீமையிலோ அதுவே ‘கோளி’யாகும். ஒருவர் பேச்சைக் கேட்டு மற்றவர் நகைத்தல் மாணவர் விடுதிகளிலும் உண்டு. இவ்வேறுபாட்டைக் கேட்டு நகையாது ஆராய்ந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ராபர்ட் கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் அயர்லாந்திலே ஸ்காட்லாந்துக் குடியினர்க்குப் பிறந்தார். இளமையில் கிளாஸ்கோ நகரிலும், பின்னர் ஓவியம் பயிலும்பொருட்டு டப்ளினிலும் வாழ்ந்தார். ஆங்கிலம் ஊருக்கொரு வகையாய் ஒலிப்பதைக் கேட்டே அவர் வளர்ந்திருத்தல் வேண்டும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக் கிரேக்கப் பேராசிரியர் சாண்ட்போர்டின் விரிவுரைகள் மொழிகளை ஒப்புநோக்கும் வேட்கையை அவருள்ளத்தே விதைத்தன.

1838 ஜனவரி 8-இல் சென்னை வந்திறங்கி, மூன்றாண்டு இங்கிருந்து தமிழ் கற்றார். 1841-இல் நெல்லைக்குப் புறப்பட்டவர் பெரும்பாலும் காலால் நடந்தே தஞ்சை, நீலகிரி, மதுரை முதலிய இடங்களைக் கண்டு சென்றார். வண்டியேறி விரைந்திருப்பின் ஊர்தோறும் மாறும் பேச்சு அவர் செவிக்கு எட்டியிருக்குமோ என ஐயுறுகின்றோம். இடையன்குடியே அவர்தம் உறைவிடமாயிற்று. 1844-இல் அவர் மணந்த எலைசா அம்மையார் நாகர்கோவில் மால்ட் ஐயரின் புதல்வியார். மக்கள் பேசுந் தமிழை நன்கறிந்தவர்.

தென்னாட்டு மொழிகள் ஓரினத்தன என்பதை 1816-லேயே எல்லிஸ் துரை எடுத்துரைத்திருந்தார். அதனை விரிவாக நிறுவியது 1856-இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம். அந்நூலில் ழகரத்தைப்பற்றிய பகுதி நமக்கு மிக இனிக்கின்றது. தென்மாவட்டத்துப் பொதுமக்கள் அதனை ளகரமாகவும், வேறு சிலவிடத்தார் யகரமாகவும் ஒலிப்பதை அவர் குறித்தார். இனமொழிகளில் அவ்வொலி அடைந்த மாற்றங்களையும் உடன்வைத்து நோக்கினார். நம் கோழி மலையாளத்திற் கோழியாகவே நிற்கிறது, தெலுங்கில் ‘கோடி’யாயிற்று, கன்னடத்திலோ ‘கோளி’! பழங்கன்னடத்தில் தனியெழுத்தாயிருந்த ழகரம் பின்னர் வழக்கொழிந்தமையே காரணம். நெல்லை உழவனை நகைப்பார் கன்னட நாட்டார் அனைவரையும் நகைத்தல் வேண்டுமன்றோ?

மக்கள் நாவொலியை இவ்வளவு நடுநிலையோடு கேட்டவர் மக்களையே அங்ஙனம் நோக்கினாரென்று கூறவியலாது. தாம் பணிசெய்த பகுதியிலிருந்த ஒரு சமுதாயத்தாரைப்பற்றி 1849-இல் அவர் வெளியிட்ட நூல் அவர்களுக்குப் பெரும் மனவருத்தத்தை விளைத்தது. அவர்கள் கண்டித்தது முறையே என்பது எம் கருத்து.

1875-இல் ஒப்பிலக்கணத்தைத் திருத்தி விரித்து மறுபதிப்பாக்கினார், 1877-இல் அத்தியட்சரானார். 1891 ஆகஸ்டு 28-இல் கோடைக்கானலில் உயிர்நீத்தார். அவருடலை மலையினின்றும் இறக்கி இடையன்குடிக்குக் கொணர்ந்து, அவர் எழுப்பிய ஆலயத்திலே அடக்கஞ்செய்தனர்.