சுவருக்கு அப்பால் மணி அடித்தவர்

2009ஆம் ஆண்டு சித்திரை மாதம். ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்தில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு காம்பராக்கள் இருந்தன. ஆனால் அவை அடுத்தடுத்து இல்லை. ஒன்றில் நான், மூன்றாவதில் அண்ணன். நடுவில் வேறொரு குடும்பம். இடுப்பெலும்பு முறிந்த அம்மா அண்ணன் வீட்டில் படுக்கையில் கிடந்தார். டிஷ் அன்டெனாவும் அதன் பெட்டியும் என் வீட்டில். அண்ணன் வீட்டில் பழைய டிவி ஒன்று மட்டும் இருந்தது.

அம்மாவுக்கு நாடகம் வேண்டாம், பாட்டும் வேண்டாம். செய்தி மட்டும் வேண்டும். அவருடைய தம்பி, எங்கள் மாமா, 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர். மலையகத்திலிருந்து அப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். அந்த மாதம் மாமா குடும்பம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. டிவியில் நீரேரியைக் கடந்து வருகிறவர்களைக் காட்டும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே பிடிவாதம்.

நடு வீட்டின் குறுக்கே வயர் இழுக்க முடியாது. டவுனில் ஒரு கடையில் விசாரித்தபோது, வீடியோ சென்டர் என்று ஒரு கருவியை எடுத்து வைத்தார்கள். இரண்டு சின்னப் பெட்டிகள். ஒன்றை டிஷ் பெட்டியின் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகளில் செருக வேண்டும். அது படத்தையும் சத்தத்தையும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையாக்கி அனுப்பும். மற்றதை அடுத்த டிவியில் செருகினால் அது பிடித்துக்கொள்ளும். நான்கு சனல்களில் எது தெளிவோ அதற்கு இரண்டு பெட்டிகளையும் மாற்றி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

படம் வந்தது. நடு வீட்டு அக்கா அடுப்படியில் குறுக்கே நின்றால் மட்டும் கோடு விழுந்து நடுங்கும். மனித உடம்பில் இருக்கிற தண்ணீர் அந்த அலையைக் குடித்துவிடுகிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று இரண்டு சுவர்களையும் ஒரு குடும்பத்தின் சமையலறையையும் கடந்து என் அம்மாவிடம் போகிறது. இதை முதலில் செய்து காட்டியது யார் என்று தேடினேன். மார்க்கோனி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். தேடியபோது கிடைத்த பெயர் ஜகதீஷ் சந்திர போஸ்.

போஸ் 1858 நவம்பர் 30 அன்று, இன்று பங்களாதேஷில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்க உத்தியோகத்தர். வசதியுள்ளவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய காலத்தில் அவர் மகனை வங்காளப் பள்ளிக்கு அனுப்பினார். தாய்மொழியும் சொந்த மக்களும் முதலில் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கே ஜகதீஷுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒரு முஸ்லிம் ஏவலாளரின் மகனும் ஒரு மீனவரின் மகனும். மீன், பறவை, விலங்கு பற்றி அவர்கள் சொன்ன கதைகளில்தான் இயற்கை மீது தனக்கு ஆர்வம் வந்தது என்று வளர்ந்த பிறகு நினைவுகூர்ந்தார்.

அந்தத் தந்தைக்கும் தேயிலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அசாமில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பத்திலேயே பணம் இறக்கியவர்களில் அவரும் ஒருவர். அந்த முயற்சி கைகொடுக்கவில்லை. வேறு சில முயற்சிகளும் தோற்றன. குடும்பம் கடனில் மூழ்கியது. தோட்டம் போட வந்தவர்களும் கடனாளியானதுண்டு. ஆனால் அசாமிலும் இங்கும் தோட்டத்துக்குள் ஆள்கட்டிக் கொண்டுவரப்பட்டவர்கள் பட்ட கடன் வேறு வகை. இதையும் சொல்லாமல் போஸை நம்மில் ஒருவராக்கிவிடக் கூடாது.

கல்கத்தா புனித சவேரியார் கல்லூரியில் லஃபோன் என்ற பாதிரியார் இவருக்குப் பௌதிகத்தில் ருசி ஏற்படுத்தினார். 1880இல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். ஏற்கனவே உடம்பில் இருந்த காய்ச்சல், பிணங்களை அறுக்கும் கூடத்தின் வாடையில் மோசமானது. மருத்துவத்தை விட்டுக் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்தார். அங்கே ரெய்லி பிரபு அவருக்கு ஆசிரியர். 1885இல் ஊர் திரும்பி, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியரானார்.

அங்கேதான் அவர் வாழ்க்கையின் முதல் போராட்டம் நடந்தது. ஒரே வேலைக்கு வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு முழுச் சம்பளம், இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. போஸ் தற்காலிகமாக நியமிக்கப்பட்டவர் என்பதால் அதிலும் பாதி. கூட்டிக் கழித்தால் மூன்றில் ஒரு பங்கு. அவர் வேலையை விட்டுவிடவில்லை. ஒரு நாளும் வகுப்புக்கு வராமல் இருக்கவில்லை. சம்பளத்தை மட்டும் தொடவில்லை. மூன்று ஆண்டுகள் அப்படியே பாடம் நடத்தினார். தந்தையின் கடன் தலைக்கு மேல் இருந்தது. 1887இல் கல்யாணமும் ஆகியிருந்தது.

மனைவி அபலா பற்றியும் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காததால் 1882இல் மதராசுக்கு வந்து மருத்துவம் படித்தவர். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியவில்லை. பிற்காலத்தில் பெண் கல்விக்கும் விதவைகளின் கல்விக்கும் பள்ளிகள் அமைத்தார். சம்பளமில்லாத அந்த ஆண்டுகளைக் கணவருடன் சேர்ந்து தாங்கியவர் அவர்.

கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. அவர் பதவி நிரந்தரமாக்கப்பட்டு, முன் தேதியிட்டு, மூன்று ஆண்டுச் சம்பளமும் முழுதாகக் கொடுக்கப்பட்டது. அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்கப் போனது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் மலைதான் நினைவுக்கு வந்தது. நாட்சம்பளம் 1,000 ரூபா என்ற கோரிக்கைக்காக எத்தனை ஆண்டுகள் காத்திருந்தோம், அது 2021 மார்ச்சில்தானே வர்த்தமானியில் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. போஸ் மூன்று ஆண்டுகள் சம்பளம் வாங்காமல் இருக்க முடிந்தது. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணால் மூன்று கிழமை இருக்க முடியுமா? அவரிடம் அதற்கான படிப்பும் உறவும் பெயரும் இருந்தன. அவர் துணிவை இது குறைக்கவில்லை. நம் ஆட்களுக்கு அது ஏன் தனித்தனியாக முடியாது, ஏன் சேர்ந்தே செய்ய வேண்டியிருக்கிறது என்பதை விளக்குகிறது.

1894 நவம்பர் 30, தன் 36ஆவது பிறந்த நாளில், இனி ஆராய்ச்சிதான் வாழ்க்கை என்று போஸ் முடிவெடுத்தார். கல்லூரி அவருக்கு ஆய்வுகூடம் தரவில்லை. ஒரு சின்ன அறையில், படிப்பறிவில்லாத ஒரு தகரக் கொல்லரைப் பழக்கி, கருவிகளைத் தானே செய்துகொண்டார். மின்காந்த அலை இருக்கிறது என்று ஜேர்மனியில் ஹேர்ட்ஸ் சில ஆண்டுகளுக்கு முன்பு நிரூபித்திருந்தார். அவருடைய அலைகள் நீளமானவை. போஸ் அதை 5 மில்லிமீற்றர் வரை சுருக்கினார். இன்றைய கணக்கில் அது 60 கிகாஹேர்ட்ஸ். வயர் இல்லாமல் டிவிக்குத் துல்லியமான படம் அனுப்பும் புதிய கருவிகளில் சில இன்று இயங்குவது இதே 60 கிகாஹேர்ட்ஸ் வரிசையில்தான். அலை சின்னதாக இருந்தால் கருவியும் சின்னதாக மேசை மேல் அடங்கும். முறுக்கிய சணல் கட்டுக்குள்ளே அலையை அனுப்பி அது எப்படித் திரும்புகிறது என்றெல்லாம் சோதித்தார்.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் கூட்டத்தின் முன் அதைச் செய்து காட்டினார். ஒரு அறையிலிருந்து அலை புறப்பட்டது. வங்காளத் துணை ஆளுநர் மெக்கென்சி குறுக்கே உட்கார்ந்திருந்தார். அவர் உடம்பும் தடுக்கவில்லை, சுவர்களும் தடுக்கவில்லை. சுமார் 75 அடிக்கு அப்பால் இருந்த அறையில் மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது. இடையில் கம்பி இல்லை.

1897 ஜனவரியில் லண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் பெரிய விஞ்ஞானிகள் முன் உரையாற்றினார். 1899இல் பாதரசமும் இரும்பும் தொலைபேசியும் சேர்ந்த புதிய அலை உணர்கருவி ஒன்றை ரோயல் சொசைட்டிக்கு விவரித்தார். 1901 டிசம்பரில் மார்க்கோனி அத்திலாந்திக் கடலைத் தாண்டி வந்த சமிக்ஞையைப் பிடிக்கப் பயன்படுத்திய உணர்கருவியின் மூலம் போஸின் இந்தக் கருவிதான் என்று நூறு ஆண்டுகள் கழித்துப் பொறியியலாளர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். மார்க்கோனிக்கு 1909இல் நோபல் பரிசு கிடைத்தது.

போஸ் ஏமாற்றப்பட்டாரா? அப்படி எளிதாகச் சொல்ல முடியாது. கம்பியில்லாத் தந்தியைக் கடல் தாண்ட வைத்து, கம்பனியாக்கி, கப்பலுக்குக் கப்பல் கொண்டுபோனது மார்க்கோனியின் வேலை. போஸ் அந்தப் பக்கம் போகவே விரும்பவில்லை. லண்டனில் ஒரு வயர்லெஸ் கம்பனி முதலாளி இலாபத்தில் பங்கு தருவதாக வந்தபோது மறுத்துவிட்டார். பணத்தின் அந்தப் பசி தன்னை விழுங்கிவிடும் என்று தாகூருக்கு எழுதினார். சகோதரி நிவேதிதையும் அமெரிக்கத் தோழி சாரா புல்லும் வற்புறுத்தியதால் 1901இல் ஒரு காப்புரிமைக்கு மட்டும் விண்ணப்பித்தார். அது 1904இல் அமெரிக்காவில் கிடைத்தது. கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தால் அலையை உணரும் அந்தக் கருவி, குறைகடத்திகளுக்குக் கிடைத்த முதல் காப்புரிமைகளில் ஒன்று. இன்றைய ரேடியோ, டிவி, கைபேசி எல்லாம் குறைகடத்தியில்தான் ஓடுகின்றன. அந்தக் காப்புரிமையிலிருந்து அவர் எந்த வருமானமும் தேடாமல் காலாவதியாக விட்டுவிட்டார்.

பிறகு அவர் செடிகள் பக்கம் திரும்பினார். தொட்டால் சுருங்கும் தொட்டாற்சிணுங்கி அவருக்குப் பிடித்த செடி. தொட்ட சேதி இலையிலிருந்து காம்புக்கு மின் அதிர்வாகப் போகிறது என்று அளந்து காட்டினார். 1901இல் லண்டனில் பெரிய உடலியல் நிபுணர்கள் இதை ஏற்கவில்லை. அவர் கட்டுரையை ரோயல் சொசைட்டி அச்சிடாமல் நிறுத்தியது. போஸ் 1902இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். செடியின் வளர்ச்சியைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியைச் செய்தார். அவர் சொன்ன எல்லாவற்றையும் பின்வந்த விஞ்ஞானம் ஏற்றுக்கொள்ளவில்லை. செடிகளுக்குள் மின் சமிக்ஞை ஓடுகிறது என்பதை ஏற்றுக்கொண்டது.

1917 நவம்பர் 30இல், தன் பிறந்த நாளில், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். 1920இல் அதே ரோயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1937 நவம்பர் 23இல் கிரிடியில் காலமானார்.

அவர் காலமாகி 45 ஆண்டுகள் கழித்து, 1982இல், ரூபவாஹினி தொடங்கியது. எங்கள் தலைக்கு மேலே பீதுருதாலகால உச்சியில் கோபுரம் எழுந்தது. படம் அங்கிருந்து நாடு முழுக்கப் போனது. அந்த மலையின் அடிவாரத்து லயங்களில் பலவற்றில் அப்போது மின்சாரம் இருக்கவில்லை. யாருடைய தலைக்கு மேலே அலை போகிறது என்பதும் யாருடைய வீட்டுக்குள் வருகிறது என்பதும் வேறு வேறு.

2009இல் அம்மா மூன்று மாதம் அந்தத் திரையைப் பார்த்தார். நீலச் சேலைக்காரி ஒருத்தியைப் பார்த்து, அது மாமி என்றார். அந்தக் காட்சியைத் திரும்பக் காட்டவில்லை. மாமா குடும்பம் உயிரோடு இருப்பது டிவியில் வரவில்லை. மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய துண்டுக் கடிதத்தில்தான் வந்தது. அதில் நாலு பெயர் இருந்தது. ஐந்து இருந்திருக்க வேண்டும். அம்மா திரும்பத் திரும்ப எண்ணச் சொன்னார்.

அதற்குப் பிறகு அம்மா டிவி கேட்கவில்லை. அந்த இரண்டு பெட்டிகளும் இப்போது வேலை செய்வதில்லை. எறிய மனமில்லாமல் அலுமாரி மேல் வைத்திருக்கிறேன். லயத்துக்குப் பின்னால் ஓடையோரம் தொட்டாற்சிணுங்கி படர்ந்து கிடக்கிறது. பிள்ளைகள் தொட்டுத் தொட்டுச் சிரிக்கிறார்கள். அந்தச் செடிக்குள்ளும் ஒரு சேதி போகிறது என்று கண்டுபிடித்த ஒரு மனிதரைப் பற்றி, மூன்று ஆண்டுகள் சம்பளம் வாங்காமல் வேலை செய்த ஒரு மனிதரைப் பற்றி, அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.