கைவிளக்கும் களைத்த கால்களும்

தொண்டு என்றவுடன் கனிந்த உள்ளத்தை நினைக்கும் நாம், அத்தொண்டைச் சுமக்கும் உடலை நினைப்பதில்லை. கைவிளக்கேந்திய காரிகை என உலகம் போற்றும் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்வு இதனை நமக்கு உணர்த்த வல்லது.

1820 மே 12 அன்று இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் அம்மையார் பிறந்தார். குடும்பத்தாரின் எதிர்ப்பைத் தாங்கி, 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் செவிலியப் பயிற்சி பெற்றார். 1853இல் இலண்டன் ஹார்லி தெருவில் ஒரு சிறு மருத்துவமனையின் பொறுப்பு அவரிடம் வந்தது. ஒவ்வொரு மாடிக்கும் வெந்நீர்க் குழாய், உணவை மேலேற்றும் தூக்குப் பொறி, அழைத்த நோயாளி யாரெனக் காட்டும் மணி ஆகியவற்றை அவர் வேண்டினார். படியேறி இறங்குவதிலேயே செவிலியின் வலிமை தீர்ந்துவிட்டால், நோயாளியைப் பேண எஞ்சுவது ஏது?

1854 நவம்பரில் 38 செவிலியருடன், துருக்கியின் ஸ்கூட்டாரியில் இருந்த ஆங்கிலப் படை மருத்துவமனையை அடைந்தார். கிரிமியப் போரில் காயமுற்றோரும் நோயுற்றோரும் நெடிய தாழ்வாரங்களிலும் கிடத்தப்பட்டிருந்தனர். தரையில் கிடந்தோருக்கு முழந்தாளிட்டே புண்கட்ட வேண்டியிருந்தது. பகற்பணி முடிந்த பின்னரும் அம்மையார் விளக்குடன் நடந்தார். ஓவியர் அவ்விளக்கைத் தீட்டினர். நடந்த கால்களை உலகம் மறந்தது.

உடல் தன் கணக்கை மறக்கவில்லை. 1855 மே மாதம் பாலக்ளாவாவில் கடுங்காய்ச்சல் அவரை வீழ்த்தியது. 1856இல் தாயகம் திரும்பிய அம்மையார், அடுத்த ஆண்டு முதல், அதாவது முப்பத்தேழாம் அகவையிலிருந்து, பல்லாண்டுகள் படுக்கையிலும் அறையிலும் முடங்கினார். எனினும் அங்கிருந்தே அறிக்கைகளும் நூல்களும் எழுதினார்.

1860இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. பயிற்சி பெறுவோருக்கு உணவும் உறைவிடமும் அளிக்கப்பட்டன. ஒவ்வொருவருக்கும் தனி அறை ஒதுக்கப்பட்டது. பிறரைப் பேணுவோர் பேணப்படல் வேண்டும் என்னும் நெறி இங்கே செயலாயிற்று எனலாம். 1907இல் பிரித்தானியாவின் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதைப் பெற்ற முதற் பெண்மணியான அம்மையார், 1910 ஆகஸ்டு 13 அன்று தம் தொண்ணூறாம் அகவையில் மறைந்தார்.

நோயாளியைத் தூக்கியும் புரட்டியும் இடுப்பு நோகும் செவிலியர் இன்றும் உளர். அவர்களைத் தேவதையர் எனப் புகழ்வது நமக்கு எளிது. தூக்குவதற்குத் துணைக்கரமும், அமர நாற்காலியும், உறங்கப் போதிய பொழுதும் அளிப்பதே அம்மையாருக்கு நாம் செலுத்தும் உண்மை வணக்கமாகும்.