கையறிந்த தலைமை: ஜி.டி. நாயுடு

கொங்கு நாட்டின் தொழில் வரலாற்றை எழுதப் புகுவோர் இரண்டு வளங்களைத் தவறாது குறிப்பர். ஒன்று, பருத்தி விளைந்த கரிசல் நிலம்; மற்றொன்று, 1930களில் பைக்காராவிலிருந்து வந்து சேர்ந்த மின்னாற்றல். இவற்றோடு ஏட்டில் எளிதில் ஏறாத மூன்றாவது வளம் ஒன்றும் உண்டு. தொழிலாளியோடு தொழிலாளியாக நின்று வேலை பார்க்கும் உரிமையாளரே அவ்வளம். பீளமேட்டிலும் கணபதியிலும் உள்ள சிறு பட்டறைகளுக்குள் புதிதாக நுழைவோர், கடைசல் இயந்திரத்தின் முன் எண்ணெய்க் கறையோடு நிற்பவர் முதலாளியா வேலையாளா என்று திகைப்பதுண்டு. இந்த வழக்கத்துக்கு முன்னோர் பலர். அவருள் முதன்மையாக நினைக்கத்தக்கவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு (1893–1974).

அவரை இந்தியாவின் எடிசன் என்று அழைப்பது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அப்பட்டம் அவரைப் பெருமைப்படுத்துவதைவிட மறைப்பதே மிகுதி என்று தோன்றுகிறது. அவர் செய்த பொருள்களின் பட்டியலை ஒப்பிப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். பலரைத் தம் கீழ் வைத்து வேலை நடத்திய ஒருவர் நாள்தோறும் பணியிடத்தில் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதை ஆராய்வோர் குறைவு. அலுவலகத்திலோ ஆலையிலோ நாளை பொறுப்பேற்கவிருக்கும் நம் மாணவர்க்குக் கண்டுபிடிப்புகளைவிட அந்தப் பழக்கங்களே பயன்படும்.

சூலூரை அடுத்த கலங்கல் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் 1893 மார்ச் 23ஆம் நாள் அவர் பிறந்தார். பள்ளிக்கூடம் அவரைப் பிடித்து வைக்கவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது. இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஊர்ந்து வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டதே அவர் வாழ்வின் திருப்பம். அதனை வாங்கவேண்டும் என்ற ஒரே நோக்கோடு கோவைக்கு வந்து உணவகம் ஒன்றில் பரிமாறுபவராகச் சேர்ந்தார். கூலியைச் சில ஆண்டுகள் சேர்த்து வண்டியை வாங்கினார். வாங்கிய வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். பிற்காலத்தில் அவர் நடத்திய நிறுவனங்கள் எல்லாவற்றின் இயல்பையும் இந்த ஒரு செயலில் காணலாம். ஒரு பொருளைக் கழற்றிப் பூட்டத் தெரியாதவரை அது தமக்குச் சொந்தமாகிவிட்டதாக அவர் கருதவில்லை.

இடையில் பஞ்சு வாணிகத்தில் இறங்கினார். பம்பாய்ச் சந்தை வரை சென்று பொருளை இழந்து திரும்பினார். கையால் தொட்டு அறிய முடியாத விலையேற்றத்தையும் தரகையும் நம்பிய தொழிலில் அவர் தோற்றதும், கண்ணால் கண்டு காதால் கேட்டுத் திருத்தக்கூடிய இயந்திரத் தொழிலில் அவர் வென்றதும் எண்ணிப் பார்க்கத்தக்கன.

கோவையின் தொழில் முன்னோடிகளுள் ஒருவரான இராபர்ட் ஸ்டேன்ஸ் துணை நிற்க, 1920இல் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடு ஓட்டத் தொடங்கினார். ஓட்டுநரும் அவரே. உடுமலைப்பேட்டை வழியாகச் செல்லும் அத்தடத்தில் சந்தைக்குப் போகும் உழவரும் பழனிக்குச் செல்லும் அடியாரும் ஆண்டு முழுதும் இருந்தனர். ஆட்கள் நிரம்பினால் புறப்படுவது, நிரம்பாவிடில் காத்து நிற்பது என்பதே அந்நாளைய வண்டிக்காரர் பலரின் வழக்கம். நாயுடுவின் யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ், மக்கள் வாயில் யூ.எம்.எஸ்., குறித்த நேரத்தைக் காப்பதில் பெயர் பெற்றது. ஒற்றை வண்டி பதினைந்து ஆண்டுகளுக்குள் இருநூறைத் தாண்டிய அணியாயிற்று.

இங்கே சற்று நின்று நோக்கவேண்டும். நேரம் தவறாமை என்பதை நாம் நல்லொழுக்க வகுப்பின் பாடமாக்கி வைத்திருக்கிறோம். வள்ளுவரின் காலமறிதல் அதிகாரத்தை நடத்தும்போதுகூட மாணவர் அதனைக் கடிகாரம் பார்ப்பதாகவே பொருள் கொள்கின்றனர். அவ்வதிகாரம் பேசுவது தக்க பொழுதைப் பற்றி என்று ஆண்டுதோறும் விளக்கவேண்டியிருக்கிறது. நாயுடுவிடத்தில் இரண்டும் ஒன்றாயின. பேருந்து ஒன்று நேரத்துக்குப் புறப்பட வேண்டுமாயின் முந்தைய இரவே அது பட்டறையில் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். உருளைப்பட்டை தேய்ந்ததா, நீர் நிரம்பியதா என்று ஒருவர் குனிந்து நோக்கியிருக்க வேண்டும். மாற்று ஓட்டுநர் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து வந்தவர் ஆதலின், எந்தத் தாமதம் தவிர்க்கக்கூடியது, எது தவிர்க்கவியலாதது என்பதை அவர் அறிந்திருந்தார். பணியாளர் கூறும் காரணத்தை எடைபோடும் தகுதி அவருக்கு இவ்வழியாக வந்தது. அவ்வறிவின்றிக் கடுமை காட்டும் தலைவரை வேலையாட்கள் அஞ்சலாம், நம்பமாட்டார்கள்.

கற்பதை அவர் நிறுத்தவில்லை என்பது அடுத்துக் குறிக்கத்தக்கது. 1930களில் ஐரோப்பாவுக்குச் சென்றார். தொழிற்கூடங்களைக் கண்டார், படக்கருவியோடு திரிந்தார், 1936இல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம்பிடித்தார். மின்சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி என அவர் பெயரால் வழங்கும் பொருள்கள் பல. அவற்றை இங்கு விரிக்கவில்லை.

விரித்துரைக்க வேண்டியது 1937ஆம் ஆண்டுச் செய்தி. பைக்காரா மின்சாரம் வந்தபின் கொங்கு உழவர்க்கு ஆழ்கிணற்று நீரை இறைக்க மின்விசைப்பொறி தேவைப்பட்டது; அதுவோ கடல் கடந்து வந்துகொண்டிருந்தது. பீளமேட்டில் நாயுடுவும் து. பாலசுந்தரமும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்விசைப்பொறியை உருவாக்கினர். இந்தியாவில் உருவான முதல் மின்விசைப்பொறி என அதனைக் கூறுவர். பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்துத் தாமே பெருந்தொழிலர் ஆனார். தம்மோடு உழைத்தவர் தமக்கு இணையாக எழுவதைப் பொறுத்துக்கொள்ளாத தலைவர் உண்டு. ஒருவர் பட்டறையில் பழகியவர் வெளியேறிப் பக்கத்துத் தெருவில் வேறொரு பட்டறை திறப்பது கோவையில் இன்றளவும் இயல்பான நிகழ்ச்சி. இந்நகரின் பம்புத் தொழில் கிளைத்துப் பெருகியதும் அவ்வாறே.

1944இல், ஐம்பத்தோராம் அகவையில், மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து நாயுடு விலகினார். ஆராய்ச்சி மாணவர்க்கு உதவித்தொகையும் தம் பணியாளர்க்கும் நலிந்தோர்க்கும் நலத்திட்டங்களும் அறிவித்தார். இறக்கும் வரை நாற்காலியை விடாத பெரியவர்களைப் பல நிறுவனங்களிலும் கண்டு பழகிய நமக்கு இது வியப்பளிப்பது.

ஆயினும் அவரைக் குறையற்றவராகக் காட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் நன்மை ஆகாது. தம் கைக்கு எட்டிய இடமெல்லாம் அவரது தலைமை செழித்தது. கோப்பும் குழுவும் ஒப்புதலும் ஆளும் இடங்களில் அது தடுமாறியது. 1945இல் அவர் கொடையால் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. அன்றைய சென்னை மாகாண ஆளுநரின் பெயர் அதற்கு இடப்பட்டது. நாயுடுவே முதல்வர் பொறுப்பையும் ஏற்றார். பொறியியலுக்கு நான்காண்டு வேண்டியதில்லை, இரண்டாண்டே போதும் என்பது அவர் கொள்கை. அரசு இசையவில்லை, அவர் விலகினார். பட்டறையில் கற்றவர்க்கு இரண்டாண்டு போதும் என்பதில் உண்மை உண்டு. ஆனால் எல்லா மாணவரும் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டும் துரைசாமிகள் அல்லர் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தம் கையறிவையே அளவுகோலாகக் கொண்டவர்க்கு நேரும் குறை இது. பின்னும் சில காலம் பொறுத்து உள்ளிருந்தே வாதிட்டிருப்பாராயின் நம் தொழிற்கல்வி வேறு வடிவம் பெற்றிருக்கலாம் என்று ஒரு கல்லூரி ஆசிரியனின் நெஞ்சம் ஏங்குகிறது.

1952இல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் அமரும் சிற்றுந்து ஒன்றை உருவாக்கிக் காட்டினார். உரிமம் கிடைக்கவில்லை, உற்பத்தி நின்றது. இதில் குறை அவர் பக்கத்தது அன்று. நடுத்தரக் குடும்பத்தார் கார் வாங்குவதைக் கனவாகவே வைத்திருந்த காலத்தில் அரசு அவ்வாய்ப்பை நழுவவிட்டது என்றே கூறவேண்டும்.

1974 சனவரி 4ஆம் நாள் நாயுடு மறைந்தார். அவர் தொடங்கிய கல்லூரி தடாகம் சாலைக்கு இடம் பெயர்ந்து, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரோடு மாணவரை உருவாக்கி வருகிறது. அவிநாசி சாலையில் அது முதலில் இருந்த பகுதியோ இன்றும் ஹோப் காலேஜ் என்றே வழங்குகிறது. 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட பத்துக் கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அதன் கீழே, ஹோப் காலேஜ் நிறுத்தத்தில், காலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவர் கூட்டம் நாள்தோறும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.