ஜெயிலுக்குள் ஒரு ஆல்பம்

ஜானி கேஷ் பாட்டைக் கேட்டா, ஆளு பல வருஷம் ஜெயில்ல இருந்தவர்னுதான் நினைப்பீங்க. சில இரவு லாக்கப்போடு சரி. தண்டனைக் கைதியாக இருந்ததே இல்லை. 1932-ல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பிறந்து, பருத்திக் காட்டில் வேலை செய்து வளர்ந்த கன்ட்ரி பாடகர். விமானப்படையில் ஜெர்மனியில் இருந்தபோது ஃபோல்சம் சிறை பற்றிய படம் பார்த்து ஒரு பாட்டு எழுதினார். அது 1955-ல் வெளிவந்த பிறகு, எங்க ஜெயிலுக்கு வந்து பாடுங்கனு கைதிகள் கடிதம் போட ஆரம்பிச்சாங்க.

அப்புறம் மாத்திரைப் பழக்கம் அவரைக் கிட்டத்தட்ட முடித்தேவிட்டது. அதிலிருந்து மீளப் போராடிய நேரத்தில், 1968 ஜனவரி 13 அன்று, கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் சிறை உணவுக்கூடத்தில் ஒரே நாளில் இரண்டு முறை பாடி ரெக்கார்ட் செய்தார். ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, கிளென் ஷெர்லி என்ற கைதி எழுதியது. முந்தின நாள்தான் கேஷ் அதைக் கேட்டார். ஷெர்லி முன்வரிசையில் இருந்தார்; தன் பாட்டு வரப்போகுதுனு அவருக்கே தெரியாது.

1971-ல் ஷெர்லி விடுதலையானபோது வாசலில் காத்திருந்தவர் கேஷ். மறுவருஷம் இருவரும் செனட் குழு முன் சிறைச் சீர்திருத்தம் கேட்டுப் பேசினார்கள். ஆனா வெளியுலகம் ஷெர்லிக்குக் கடைசிவரை பிடிபடலை. 1978-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். கேஷ் 2003-ல் இறந்தார்.

ஆல்பத்தைக் கேட்டா, கடைசிப் பாட்டுக்கு முன்னாடி நிறுத்திடாதீங்க.